பாசியின் நிறமி: வடிதாளா, ஒளிமானியா?

கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் பச்சைப்பசேலென நிற்கும்போது, "எவ்வளவு பாசிண்ணா இதுல?" என்பான் தம்பி. கடலுக்கும் இதே கேள்விதான்; பாசியிலுள்ள நிறமிகளை அளந்து பதில் தேடலாம், இரண்டு வழிகளில்.

கடல்நீரை வடிதாளில் வடித்து, தாளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கரைக்கு வந்தபின் ஹெச்பிஎல்சி எனும் ஆய்வகக் கருவியில் நிறமிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கலாம். ஃபியூக்கோசாந்தின் என்ற பழுப்பு நிறமி மிகுந்தால் பெரும்பாலும் டயாட்டம் எனும் நுண்பாசி. துல்லியம்தான்; ஆனால் நாளுக்குச் சில மாதிரிகளே.

ஒளிமானியோ, கப்பல் ஓடஓடவே குழாயில் வரும் நீர் உறிஞ்சும் ஒளியை அளக்கும். இடையிடையே 0.2 மைக்ரான் வடிகட்டியில் அதே நீரை விட்டு, அந்த அளவைக் கழித்தால் மிஞ்சுவது துகள்களுடையது. அதில் 676 நானோமீட்டரை ஒட்டி எழும் மேட்டின் உயரம் பாசியின் பச்சை நிறமியான குளோரோஃபில்-ஏ அளவைச் சொல்லும். மற்ற நிறமிகள் நீலப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடக்கும். பெங்களூராவும் அல்போன்சாவும் கலந்த மாங்கூழில் ரகம் பிரிக்கிற பாடு!

எனக்கு ஒளிமானிதான் பிடிக்கும். ஆனாலும் அதை அளவுதிருத்த ஹெச்பிஎல்சி எண்கள்தான் வேண்டும்.