பி.எல்.டி. வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன மாதம் சீனியர் ரிக்கர் (பாராசூட்டைச் சோதித்து மடித்துக் கொடுப்பவர்) சான்றிதழ் வாங்கிய தம்பி ஒருவன், "அண்ணே, பி.எல்.டி. வாங்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பாராசூட் பையை மூடும்போது கயிற்றைத் திருகி இழுக்க உதவும் சின்னக் கருவி அது. "வாங்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம்தான் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்திருந்தேன்.

ஐந்து வருஷமாக என்னிடம் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் ரிசர்வ் பாராசூட்டை (முதல் பாராசூட் கைவிட்டால் காப்பாற்றுவது) 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்துப் பார்த்து மடித்தாக வேண்டும். 2008 வரை அது 120 நாள். மடிப்பதுகூடப் பரவாயில்லை, மூடுவதற்குள்தான் உயிர் போகும். ரிசர்வை வெளியே இழுக்கும், சுருள்வில் வைத்த குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டே, அடியிலிருந்து வரும் மெல்லிய கயிற்றுக் கண்ணியான லூப்பை, பையின் ஒவ்வொரு பிளாப்பின் (மடிப்பு மூடியின்) குரோமெட் (உலோக வளைய ஓட்டை) வழியாகவும் மேலே இழுக்க வேண்டும். லூப்பின் கண் எட்டிப் பார்த்த நொடியில் தற்காலிகப் பின்னைச் செருக வேண்டும். லூப்பில் கோத்த இழுகயிறான புல்-அப் கார்டை வெறும் விரலில் சுற்றி இழுத்துப் பழகியவன் நான். ஞாயிறு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் ரசம் பட்ட இடமெல்லாம் எரியும்.

பி.எல்.டி. வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. குரோமெட்டின் மேல் உட்கார வைத்து, புல்-அப் கார்டை அதில் கோத்து, வீணையின் பிருடையைப் போலத் திருகினால் லூப் அலுங்காமல் ஏறி வரும். முதல் தடவை தனியாகச் சிரித்தேன். என்னைப் போன்ற இடுப்புவலிக்காரனுக்கு அது வரம்தான்.

கார்டு சுற்றும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். ஐந்து வருஷமாக வாரம் ஒருமுறையாவது அதைத் திட்டுகிறேன். அதைக்கூட மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது, அது கையை ஏமாற்றுவது. லூப் கொஞ்சம் குட்டையாகிவிட்டால் வெறும் கையால் மூடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். லூப் வராது, தோள்பட்டை வலிக்கும், ஏதோ தப்பு என்று நிறுத்துவான். பி.எல்.டி.க்கு அந்தப் பேச்சே கிடையாது. இன்னும் இரண்டு சுற்று திருகினால் எதுவும் மூடிக்கொள்ளும். பார்க்க அழகாக, கன்னம் உப்பாமல் மூடும். ஆனால் அந்த இறுக்கம் முழுக்க, லூப்பைப் பூட்டியிருக்கும் பின்னின் மேல்தான் உட்காரும். வானத்தில் ஒருவன் பதற்றத்தில் கைப்பிடியை இழுக்கும்போது பின் அதிகபட்சம் 22 பவுண்டு விசைக்குள், அதாவது சுமார் 10 கிலோவுக்குள், கழன்று வந்தாக வேண்டும்.

அன்று மூடியதும் கைப்பிடியில் இழுவைத் தராசை மாட்டினேன். முள் 22-ஐத் தாண்டி 26-க்குப் போயிற்று. பின் அசையவே இல்லை. லூப்பைக் கட்டியது நான்தான், அரை அங்குலம் குறைத்திருக்கிறேன். சிவப்பு நூல் கட்டி ஈயச் சீல் அடிப்பதற்கு முன்னாலாவது பார்த்தேனே. எல்லாவற்றையும் அவிழ்த்து, புது லூப் போட்டு, மறுபடி முதலிலிருந்து. கார்டை உருவும்போது மட்டும் அவசரப்படவில்லை. வேகமாக உருவினால் உராய்கிற சூட்டில் புது லூப்பே கருகிவிடும்.

ஆகவே தம்பி, வாங்காதே. அடுத்த வாரம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. முதல் ஐம்பது ரிசர்வையாவது வெறும் கையால் மூடு. கையில் காசு இருந்தால் நல்ல தராசாகப் பார்த்து வாங்கு. என் பி.எல்.டி.யை இரவல் கேட்காதே, சனிக்கிழமை எனக்கு மூடுவதற்கு நாலு ரிக் (பாராசூட் பை) இருக்கிறது.