ஆறு ஸ்பீக்கரும் பாடும், ஆனாலும் அது 5.1 இல்லை: ஹோம் தியேட்டர் பிசியில் எச்டிஎம்ஐ ஒலி

விண்டோஸ் 11 ஓடும் ஒரு சின்ன பிசி, அதில் படம் ஓட்டும் கோடி என்ற செயலி, ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் 5.1 ஏவி ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்), 4கே டிவி. இந்த நான்கும் சேர்ந்த அமைப்பு வாங்கிய வாரத்தில் ஒழுங்காகத்தான் ஓடும். மாதக்கணக்கில் தினமும் போட்டு அணைத்த பிறகுதான் அதன் குணம் தெரியவரும். நேற்றுவரை சரவுண்டில் ஓடிய படம் இன்று ஸ்டீரியோவில் ஓடும். எந்த செட்டிங்கையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பலருக்கு ஸ்டீரியோவுக்கு மாறியதே தெரியாது. பிசி வெறும் இரண்டு சேனல் அனுப்பினாலும், ரிசீவரில் உள்ள டால்பி சரவுண்ட், நியூரல்:எக்ஸ் போன்ற அப்மிக்ஸர்கள் அதைப் பிரித்து சென்டருக்கும் பின் ஸ்பீக்கர்களுக்கும் பங்கு போட்டுவிடும். ஆறும் பாடும், மழைச் சத்தம் பின்னாலும் கேட்கும். காதை நம்பாமல் ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி, உள்ளே வரும் சிக்னல் என்ன என்ற வரியைப் பாருங்கள். அங்கே பிசிஎம் 2.0 (பொதியாத இரண்டு சேனல் டிஜிட்டல் ஒலி) என்றிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பது அப்மிக்ஸ்தான். பிறகு விண்டோஸின் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, பிளேபேக் பகுதியில் எச்டிஎம்ஐ சாதனத்தைத் தேர்ந்து, கான்ஃபிகர் அழுத்தி 5.1-ஐத் தேர்வு செய்து, ஒவ்வொரு ஸ்பீக்கராக டெஸ்ட் ஒலி விட்டுப் பாருங்கள். பின் இடது ஸ்பீக்கரை அழுத்தினால் அது மட்டும்தான் ஒலிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஸ்டீரியோ மட்டுமே இருக்கிறது, 5.1 என்ற வரியே இல்லை என்றால், டிரைவரை அழித்துப் போடும் வேலையில் இறங்க வேண்டாம். பிசி வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் மறுமுனையில் இருப்பது தன் தகுதிகளை ஈடிஐடி என்ற சின்னத் தரவுத் தொகுதியாகச் சொல்லும். ஒலி வகை ஒவ்வொன்றுக்கும் அதில் 3 பைட். சாதாரண டிவி பெரும்பாலும் 09 07 07 என்று மட்டும் சொல்லும்: இரண்டு சேனல் பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ் வரை, 24 பிட் வரை. முதல் பைட்டின் கடைசி மூன்று பிட்டில் சேனல் எண்ணிக்கை ஒன்று குறைத்து எழுதப்பட்டிருக்கும். அங்கே 1 இருந்தால் இரண்டு சேனல், 7 இருந்தால் எட்டு. ரிசீவர் நடுவில் இருந்தால் அது டிவியின் படத் தகவலை வைத்துக்கொண்டு ஒலிப் பகுதியில் தன்னுடையதைச் சேர்த்து பிசிக்குக் கொடுக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் இங்கேதான். ரிசீவர் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் படம் டிவிக்குப் போக வேண்டும் என்று ஸ்டாண்ட்பை பாஸ்த்ரூ வசதியைப் போட்டிருப்போம். அந்த நிலையில் ரிசீவர் விலகி நின்று டிவியின் ஈடிஐடியை அப்படியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் பிசியை ஆன் செய்தால் அது ஸ்டீரியோ டிவியைத்தான் பார்க்கும். பிறகு ரிசீவரை எழுப்பினாலும், சில மாடல்கள் "நான் வந்துவிட்டேன்" என்று சொல்லும் ஹாட்பிளக் சிக்னலை ஒழுங்காக விடுவதில்லை. மருந்து எளிது: ஸ்டாண்ட்பை பாஸ்த்ரூவை அணைத்துவிடுங்கள், முதலில் டிவி, அடுத்து ரிசீவர், அது முழுதாக எழுந்த பிறகு பிசி என்ற வரிசையில் போடுங்கள். பிசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு நொடி திரை கறுக்கும், பல சமயம் 5.1 திரும்பிவிடும். இதற்கும் மசியாத ரிசீவருக்கு ஈடிஐடி எமுலேட்டர் என்ற குட்டிப் பெட்டி உண்டு. ரிசீவர் விழித்திருக்கும்போது அதன் ஈடிஐடியைப் பதிவு செய்துகொண்டு, பிசிக்கு எப்போதும் அதையே காட்டும். 4கே 60 ஹெர்ட்ஸ் ஓட்டுபவர்கள் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பிசி யுபிஎஸ்ஸிலும் ரிசீவர் நேரடி மின்சாரத்திலும் இருக்கும் வீடுகளில், மின்சாரம் கண் சிமிட்டினாலே இதே கதை. பிசி அசையாது, ரிசீவர் செத்துப் பிழைக்கும்.

5.1 தெரிகிறது, சில படங்களில் ஒலி வருகிறது, சிலவற்றில் மௌனம் என்றால் விஷயம் வேறு. இங்கே பாஸ்த்ரூ என்பது ஸ்டாண்ட்பை வசதி இல்லை, ஒலியைப் பிசி பிரிக்காமல் ரிசீவருக்கே விட்டுவிடும் முறை. அப்படிப் போகும் பொதிந்த ஒலி, பிசிஎம் போல வேடமிட்டுத்தான் கேபிளில் பயணிக்கும். டால்பி டிஜிட்டல், சாதா டிடிஎஸ் என்ற ஒலி வகைகளுக்கு இரண்டு சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் குழாய் போதும். பெருக்கினால் நொடிக்கு 1.536 மெகாபிட். ப்ளூரேயின் டிடிஎஸ் 1509 கிலோபிட் என்பதால் அதில் நூலிழையில் நுழையும். டிடி பிளஸ்ஸுக்கு (டால்பி டிஜிட்டல் பிளஸ்) அதே இரண்டு சேனல், ஆனால் 192 கிலோஹெர்ட்ஸ்: 6.144 மெகாபிட். டால்பியின் ட்ரூஎச்டி 18 மெகாபிட் வரையிலும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 24.5 வரையிலும் போகும் என்பதால், அவற்றுக்கு எட்டு சேனலும் 192 கிலோஹெர்ட்ஸும் வேண்டும்: 24.576 மெகாபிட். மௌனம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டியும் மட்டும் ஊமை என்றால் பெரிய குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது: டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவு அடாப்டராக இருக்கலாம், டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வழியாக இருக்கலாம், விண்டோஸ் அப்டேட் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஆடியோ டிரைவரைத் தூக்கிவிட்டு மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரை வைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை டிவைஸ் மேனேஜரில் டிரைவர் வழங்குநர் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. அதில் டால்பி டிஜிட்டல், டிடி பிளஸ் வரை வண்டி ஓடும். பல சேனல் பிசிஎம்மும் ட்ரூஎச்டியும் ஏறாது. 2017-ல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த ஈஏஆர்சி அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனாலும் பிசியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஈஏஆர்சி வழியாக ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுபோவதை முதல் தேர்வாகச் சொல்ல மனம் வரவில்லை. டிடிஎஸ்ஸை உள்ளே வாங்கி வெளியே விடாத டிவிகள் உண்டு. டிவியின் டிஜிட்டல் ஆடியோ வெளியீடு பாஸ்த்ரூவில் இல்லாமல் பிசிஎம்மில் கிடந்தாலும் வேலை கெட்டது. ரிசீவர் டிவியின் படத் தரத்தைத் தாங்குமானால் பிசி, ரிசீவர், டிவி என்ற நேர்வழியே நல்லது. ரிசீவர் பழசு, 4கே எச்டிஆர் தாங்காது என்றால் மட்டும் ஈஏஆர்சி. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ரிசீவருக்கு இன்னொரு எச்டிஎம்ஐ இழுப்பதும் வேலை செய்யும். என்ன, விண்டோஸ் ரிசீவரை இரண்டாவது மானிட்டராக நினைத்துக்கொள்ளும், மவுஸ் அடிக்கடி கண்காணாத திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

கோடியில் செட்டிங் அளவை எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றிய பிறகு ஆடியோ பகுதிக்குப் போங்கள். சாதனமாக வாஸாபி (விண்டோஸின் நேரடி ஒலி வழி) என்று தொடங்கும் எச்டிஎம்ஐ வரியைத் தேர்வு செய்யவும். பழைய வழியான டைரக்ட்சவுண்டில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி பாஸ்த்ரூ இல்லை. பாஸ்த்ரூவைப் போட்டு, ரிசீவர் உண்மையில் பிரிக்கக்கூடிய வகைகளை மட்டும் டிக் செய்யவும். "பிளேபேக்கை டிஸ்ப்ளேயுடன் ஒத்திசை" என்ற பொருளில் இருக்கும் சிங்க் வசதி ஆனில் இருந்தால் பாஸ்த்ரூ நடக்காது, அதை அணைக்கவும். விண்டோஸ் பக்கம் சாதனத்தின் அட்வான்ஸ்ட் பகுதியில் எக்ஸ்க்ளூசிவ் கட்டுப்பாட்டு டிக்குகள் இரண்டும் இருக்க வேண்டும், ஸ்பேஷியல் சவுண்ட் ஆஃபில் இருக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கும் புகார் இன்னொன்று: படம் தொடங்கி ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை, நிறுத்தி மறுபடி போட்டால் வருகிறது. 60 ஹெர்ட்ஸில் இருந்த திரை படத்தின் வேகமான 23.976-க்கு மாறும்போது ரிசீவரும் டிவியும் மறுபடி கைகுலுக்கிக்கொள்ள ஓரிரு நொடி எடுக்கும். அதற்குள் கோடி ஒலிக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கும். டிஸ்ப்ளே பகுதியில் ரிஃப்ரெஷ் ரேட் மாற்றத்துக்குப் பின் தாமதம் என்று ஒரு எண் உண்டு. 2 நொடியில் ஆரம்பித்து, ஒலி தவறாமல் வரும்வரை அரை அரை நொடியாகக் கூட்டவும்.

பாஸ்த்ரூவா, பிசியே பிரித்து அனுப்பும் எல்பிசிஎம்மா? அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் ஸ்பீக்கர்கள் கூரையில் இருந்தால் பாஸ்த்ரூ கட்டாயம். பிசியில் பிரித்தால் உயரத் தகவல் உதிர்ந்துபோகும். வெறும் 5.1 வைத்திருப்பவருக்கு எல்பிசிஎம் போதும், சொல்லப்போனால் மேல். ட்ரூஎச்டியை எங்கே பிரித்தாலும் கிடைப்பது அதே மாதிரிகள்தான். படத்துக்குப் படம் ரிசீவர் வகை மாறி டிக் டிக்கென்று ரிலே தட்டுவதும் குறையும். ரிசீவர் முகப்பில் டால்பி சின்னம் எரியாது, மல்டி சேனல் என்றுதான் காட்டும். அந்தச் சின்னம் எரிய வேண்டும் என்பதற்காகவே பாஸ்த்ரூவோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

வசனம் மட்டும் மெலிந்து, பின்னணி இசை காதைக் கிழித்தால், விண்டோஸில் 5.1 என்று அமைத்துவிட்டு ஒலி ஸ்டீரியோ டிவிக்குப் போகிறதா என்று பாருங்கள். சென்டர் சேனல் வழியில் தொலைந்திருக்கும். லினக்ஸில் வசனம் பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் அது வரிசைக் குழப்பம். விண்டோஸ் வரிசையில் முன் இரண்டுக்கு அடுத்து சென்டர், சப்வூஃபர். லினக்ஸின் ஒலி அடுக்கான ஆல்ஸாவின் வரிசையில் முன் இரண்டுக்கு அடுத்து பின் இரண்டு, அப்புறம்தான் சென்டர். லினக்ஸின் ஒலிச் சேவை பல்ஸ்ஆடியோ, பைப்வயர் எதுவானாலும் சாதன ப்ரொஃபைலை டிஜிட்டல் சரவுண்ட் 5.1 எச்டிஎம்ஐ என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

மெனுவில் நகரும்போது பீப் ஒலியின் தலை வெட்டுப்படுவதும், இடைநிறுத்திப் போட்டால் முதல் சொல் விழுங்கப்படுவதும் பழுது இல்லை. ஒலி நின்றதும் இணைப்பு உறங்கிவிடுகிறது, ரிசீவர் மறுபடி பூட்டிக்கொள்ள அரை நொடி பிடிக்கிறது. கோடியில் ஆடியோ சாதனத்தை விழித்திருக்க வைக்கும் நேரத்தை 'எப்போதும்' என்று மாற்றி, மெல்லிய இரைச்சல் அனுப்பும் வசதியையும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கோடி திறந்திருக்கும்வரை பிற செயலிகளுக்கு ஒலிச் சாதனம் கிடைக்காமல் போகலாம். பிரவுசரில் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் முதலில் கோடியை மூடிவிட்டுப் போங்கள்.