டேக் போடும் அழைப்பு: சேர்க்கிறதா, அழித்துவிட்டு எழுதுகிறதா?

மாதக் கடைசியில் கிளவுட் பில் வந்ததும் எழும் முதல் கேள்வி, இந்தச் செலவு எந்தக் குழுவுடையது என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல டேக் வேண்டும், அதாவது ஒவ்வொன்றின் மீதும் ஒட்டும் ‘பெயர்=மதிப்பு’ அடையாளச் சீட்டு. சர்வர், டிஸ்க், பக்கெட் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) என்று ஆயிரக்கணக்கில் கிடக்கும் கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து டேக் போட யாராலும் முடியாது. ஏபிஐ (நிரல்கள் கிளவுடுக்குக் கட்டளை, அதாவது ‘அழைப்பு’, அனுப்பும் வாசல்) வழியாக நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். அமேசான், மைக்ரோசாஃப்டின் அஸூர், கூகுள் மூன்றையும் ஒப்பிடும் அட்டவணைகள் பெரும்பாலும் எத்தனை டேக் போடலாம் என்பதோடு நின்றுவிடுகின்றன. முதல் இரண்டிலும் ஒரு ரிசோர்ஸுக்கு (சர்வர், பக்கெட் போன்ற ஒவ்வொன்றும் ஒரு ரிசோர்ஸ்) 50, கூகுளில் 64 லேபிள் (செலவுக் கணக்குக்கான டேகுக்கு அங்கே அதுதான் பெயர்). அந்த எண்ணைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள் என்பேன். பார்க்க வேண்டியது வேறு: ஏற்கெனவே மூன்று டேக் உள்ள இடத்துக்கு நான்காவதை அனுப்பினால், பழைய மூன்றும் மிஞ்சுமா?

அமேசானில் இதற்கு ஒரே பதில் கிடையாது. இசி2 சர்வர்களுக்கான ‘கிரியேட் டேக்ஸ்’ அழைப்பு, நாம் அனுப்பியதை மட்டும் சேர்க்கும், அதே பெயர் இருந்தால் மதிப்பை மாற்றும், மற்றவற்றைத் தொடாது. கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கான ‘புட் பக்கெட் டேகிங்’ அப்படியில்லை. ஒரு பக்கெட்டில் ‘துறை=கணக்கு’, ‘சூழல்=புரொடக்‌ஷன்’, ‘பேக்கப்=தினமும்’ என்று மூன்று டேக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பொறுப்பு=நிதிக்குழு’ என்ற ஒன்றை மட்டும் நிரல் அனுப்புகிறது. அழைப்பு வெற்றி என்றே பதில் வரும். பக்கெட்டைத் திறந்து பார்த்தால் ‘பொறுப்பு’ மட்டும்தான் இருக்கும். ‘பேக்கப்’ டேகைப் பார்த்துக் காப்புப்பிரதி எடுக்கும்படி அமேசானின் ஏடபிள்யூஎஸ் பேக்கப் சேவை அமைக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை அந்தப் பக்கெட் தேர்விலேயே வராது. தேர்வில் வராத பக்கெட்டுக்காகப் பேக்கப் தோற்றுவிட்டது என்ற எச்சரிக்கையும் வராது. கோப்பு தொலைந்து, மீட்கப் போகும் அன்றுதான் தெரியவரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சேவைகள் இப்படி எதிரெதிராக நடந்துகொள்வதை ஏற்கவே முடியவில்லை.

முதலில் இருப்பதைப் படித்து, புதியதைச் சேர்த்து, முழுத் தொகுப்பையும் திருப்பி அனுப்புவதுதான் வழக்கமான மாற்று. அதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. டேக் எதுவும் இல்லாத பக்கெட்டைப் படிக்கப் போனால் காலிப் பட்டியல் வராது, ‘நோ சச் டேக் செட்’ என்ற பிழை வரும். அதைத் தனியாகக் கையாளாத நிரல் அங்கேயே விழும். இரண்டாவது ஓட்டை பெரியது. நாம் படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு நிரல் ஒரு டேக் போட்டிருந்தால், நம் எழுத்து அதை அழித்துவிடும்.

ஆகவே அமேசானில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, சேவைக்கு ஒரு அழைப்பு என்று போகாமல், பொதுவான டேகிங் ஏபிஐயின் ‘டேக் ரிசோர்சஸ்’ அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. ஒரு தடவைக்கு 20 ரிசோர்ஸ்கள் வரை அனுப்பலாம். பழைய டேக்குகளைத் தானே தக்கவைத்துக்கொண்டு புதியதைச் சேர்க்கும். ஆனால் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். இருபதில் மூன்று தோற்றாலும் ஹெச்டிடிபி 200, அதாவது வெற்றி, என்றுதான் வரும். தோற்றவற்றின் விவரம் உள்ளே தனிப் பட்டியலாக இருக்கும். 200-ஐ மட்டும் பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்று பதிவெழுதும் நிரலை நம்பவே கூடாது. அனுமதியும் இரட்டை: இந்த ஏபிஐக்கு ஒன்று, அந்தந்தச் சேவைக்கு ஒன்று.

அஸூர் இந்த விஷயத்தில் தெளிவானது. டேக்குகளுக்கென்றே தனி முகவரி உண்டு. அதற்கு ‘பேட்ச்’ கோரிக்கை அனுப்பும்போது ‘மெர்ஜ்’ (இணை), ‘ரீப்ளேஸ்’ (முழுதும் மாற்று), ‘டெலிட்’ (நீக்கு) மூன்றில் எது என்று எழுதியே ஆக வேண்டும். நிரலைப் படிக்கிற அடுத்த ஆளுக்கும் நோக்கம் அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிடும். இணைக்கும் வேலையைச் சர்வரே பார்த்துக்கொள்வதால், முன்கூட்டிப் படிக்கும் அவசியமும் இல்லை. ரிசோர்ஸை அணுகும் உரிமையே இல்லாமல் டேகை மட்டும் மாற்ற விடும் ‘டேக் கான்ட்ரிபியூட்டர்’ என்ற பொறுப்பும் இருக்கிறது. செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் புரொடக்‌ஷன் சாவியைக் கொடுக்காமல் வேலை நடக்க இது பெரிய உதவி. குறை என்றால், ஒரு கோரிக்கைக்கு ஒரு ரிசோர்ஸ்தான். அமேசானில் 250 அழைப்பில் முடிகிற 5000 ரிசோர்ஸ்களுக்கு இங்கே 5000 கோரிக்கைகள். அதே முகவரிக்குப் ‘பேட்ச்’ இல்லாமல் ‘புட்’ அனுப்பினால் பழையது முழுவதும் போய்விடும். கட்டளை வரியில் ‘ஏஇஸட் டேக் கிரியேட்’ செய்வதும் அதைத்தான். ரிசோர்ஸ் குரூப்புக்குப் போட்ட டேக் உள்ளே இருப்பவற்றுக்குத் தானாக இறங்காது என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

கூகுளின் சர்வர் சேவையான கம்ப்யூட் என்ஜின் வேறு வழியில் போகிறது. அதன் ‘செட் லேபிள்ஸ்’ அழைப்பும் முழுத் தொகுப்பையும் மாற்றுவதுதான். ஆனால் கடைசியாகப் படித்தபோது கிடைத்த ‘ஃபிங்கர்பிரின்ட்’ மதிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இடையில் யாராவது லேபிளை மாற்றியிருந்தால் அந்த மதிப்பு மாறியிருக்கும். 412 என்ற பிழையோடு கோரிக்கை திரும்பும். மறுபடி படித்து, மறுபடி அனுப்ப வேண்டும். சில வரிகள் கூடுதல்தான். ஆனால் எஸ்3-இல் சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு இங்கே முகத்துக்கு நேரே பிழையாக வருகிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். கூகுளில் கவனிக்க வேண்டியது, லேபிளையும் அங்கே ‘டேக்’ என்று பெயர் கொண்டவற்றையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது. ஃபயர்வால் விதிகள் பார்க்கும் ‘நெட்வொர்க் டேக்’ ஒன்று, அணுகல் கொள்கைகளுக்கான ‘ரிசோர்ஸ் மேனேஜர் டேக்’ ஒன்று, இவை இரண்டும் தனி. நெட்வொர்க் டேகைத் தவறாகக் கழற்றினால் ஒரு சர்வரின் பாதையே அடைபடும்.

எழுத்து வேறுபாட்டிலும் மூன்றும் மூன்று திசை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என அனுப்பினால் அமேசான் இரண்டு தனி டேக்காக வைத்துக்கொள்ளும், அஸூர் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும், கூகுள் பெரிய எழுத்தை ஏற்கவே ஏற்காது. இரண்டு கிளவுட் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நாள்தோறும் எழுதவும் படிக்கவும் எளிது எது என்று கேட்டால் அஸூர் என்பேன். ஒரே ரிசோர்ஸில் பல நிரல்கள் கைவைக்கும் இடத்தில் கூகுளின் முறையே பத்திரமானது. அமேசானில் புதிதாக உருவாகும் இசி2 சர்வர்களுக்கு உருவாக்கும் அழைப்பிலேயே டேகைச் சேர்த்துவிடுங்கள். டேக் போட முடியாவிட்டால் சர்வரே உருவாகாது என்பதால், பெயரில்லாத அனாதை சர்வர் மிஞ்சாது.

டெர்ராஃபார்ம் (கிளவுடில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதி, ‘அப்ளை’ கட்டளையால் அப்படியே அமைக்கும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏபிஐ வழியாக நீங்கள் போட்ட டேக் அதன் கோப்பில் இல்லையென்றால், அடுத்த ‘அப்ளை’ அதை அந்நியமாகக் கருதி நீக்கிவிடும். ஆனால் கூகுள் புரொவைடர் (டெர்ராஃபார்மை அந்தந்தக் கிளவுடோடு இணைக்கும் பகுதி) 5.0 பதிப்பிலிருந்து, கோப்பில் எழுதிய லேபிள்களை மட்டுமே கவனிக்கிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. அமேசான் புரொவைடரில் ‘இக்னோர் டேக்ஸ்’ பகுதியில் முன்னொட்டைக் கொடுத்து விலக்கு வாங்கலாம். அஸூரில் ஒவ்வொரு ரிசோர்ஸிலும் ‘இக்னோர் சேஞ்சஸ்’ எழுத வேண்டும். நிரலை ஓட்டுவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.