மணிக்கூலியா, மொத்தத் தொகையா? சமூகப் பணி செய்யும் அமெரிக்கக் கல்லூரி மாணவருக்கு எந்தப் பணம் பொருந்தும்

அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகள் முதலில் தேடுவது பெரிய மானியத்தைத்தான். ஆனால் வசதி குறைந்த மாணவர் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் நேரம் இல்லாமல்தான். மாலை முழுக்கச் சம்பள வேலை, இரவில் படிப்பு. இதற்கு நடுவே சேவைக்கு எங்கே போவது? அதனால் ஒவ்வொரு நிதியையும் எடைபோடும்போது, இந்தப் பணம் திட்டத்துக்குப் போகிறதா, மாணவரின் நேரத்துக்குப் போகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மொத்தத் தொகைக்கு நல்ல உதாரணம் 'புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' என்ற மானியம். கொடையாளர் கேத்ரின் வாசர்மேன் டேவிஸ் தன் 100வது பிறந்தநாளையொட்டி 10 லட்சம் டாலர் கொடுத்து 2007இல் தொடங்கி வைத்தது. ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர். கோடை விடுமுறையில் உலகின் எந்த மூலையிலும் வேலையை நடத்தலாம். இத்திட்டத்தில் இணைந்த கல்லூரிகளின் மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், அதிலும் சொந்தக் கல்லூரிக்குள் முதலில் தேர்வாக வேண்டும். யோசனை உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. அந்தச் சுதந்திரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் கோடை முடிந்ததும் என்ன? கிணறு வெட்டியாயிற்று, மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது? உள்ளூர் அமைப்பு ஒன்றோடு முன்பே கைகோத்திருந்தால் மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

நேர் எதிர்ப்பக்கம், 1964இல் வந்த மத்திய அரசுத் திட்டம் 'ஃபெடரல் வொர்க்-ஸ்டடி'. கல்வி உதவித் தேவை உள்ள மாணவருக்குப் பகுதிநேர வேலை, மணிக்கணக்கில் சம்பளம். ஒவ்வொரு கல்லூரியும் தனக்குக் கிடைக்கும் இந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குச் செலவிட்டாக வேண்டும் என்பது விதி. இது பல மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை என்பது என் ஆதங்கம். வழக்கமாகச் சம்பளத்தில் ஒரு பங்கை வேலை கொடுப்பவர் போட வேண்டும். குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றால் முழுச் சம்பளத்தையும் மத்திய அரசே தரலாம்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பள்ளி விட்ட பிறகு, இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விரலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவி அவசரப்படுத்துவதில்லை. அடுத்த வாரமும் அதே நாளில் அவளே வருவாள், குழந்தைக்கும் அது தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் வருவதால்தான் அவளால் வேறு வேலைக்கு ஓடாமல் அங்கே உட்கார முடிகிறது. எந்த விளம்பரமும் இல்லாத இந்தப் பணத்தை நான் மதிப்பது இதனால்தான்.

இதன் இன்னும் நல்ல வடிவம் 'பானர்' திட்டம். 1990இல் கென்டக்கியின் பெரியா கல்லூரியில் தொடங்கியது. வாரம் சுமார் 10 மணி நேர சேவை, அதற்கு உதவித்தொகை, பட்டம் வாங்கும்வரை தொடரும் குழு, பயிற்சி. முதல் ஆண்டில் பாத்திரம் கழுவியவர் நான்காம் ஆண்டில் அந்த அமைப்பின் வேலையையே நடத்தும் அளவுக்கு வளர இடமிருக்கிறது. குறை ஒன்றுதான்: சில கல்லூரிகளில் மட்டுமே உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்க அரசின் தேசிய சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸ் வேறு கணக்கு. முழுநேரம் என்றால் 1,700 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஓராண்டு. முடித்தால் அந்த ஆண்டின் அதிகபட்ச பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) அளவுக்குக் கல்வித் தொகை. கட்டணத்துக்கோ கல்விக் கடனுக்கோ பயன்படுத்தலாம், வரி உண்டு. படிப்புக்கு இடைவெளி விடுபவருக்குச் சரி. 2025 ஏப்ரலில் இதன் மானியங்களில் ஏறக்குறைய 40 கோடி டாலர் திடீரென நிறுத்தப்பட்டதையும் மனதில் வையுங்கள்.

வாக்காளர் பதிவு மாதிரி குடிமைப் பணி செய்ய விரும்புபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அமெரிகார்ப்ஸ் சேவை நேரத்தில் வாக்காளர் பதிவு முகாம் நடத்தக் கூடாது. வொர்க்-ஸ்டடியில் வளாகத்துக்குள் கட்சி சாராத பதிவு வேலைக்கு 2024இல் வழி திறந்தார்கள், 2025இல் அதை மூடிவிட்டார்கள். அரசுப் பணத்தில் இந்தக் கயிறு எப்போதும் கட்டியிருக்கும். அந்த வேலைக்குக் கல்லூரியின் சொந்த நிதியோ தனியார் அறக்கட்டளையோதான் பாதுகாப்பு.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களுக்கு அமெரிகார்ப்ஸும் கிடையாது, ஃபெடரல் வொர்க்-ஸ்டடியும் கிடையாது. அவர்கள் கல்லூரியின் சமூக ஈடுபாட்டு மையத்தில் உள்ள சிறு மானியங்களையும் தனியார் மானியங்களையும் கேட்க வேண்டும். மற்றவர்கள் உதவித்தொகைக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வொர்க்-ஸ்டடி என்று ஒரு வரி இருந்தால், செமஸ்டர் தொடங்குமுன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் சமூக சேவை வேலைகள் எவை?"