ஸ்டீம் ஃபேமிலிஸ்: வீட்டுக்குள் பகிர்ந்து விளையாடிய அனுபவம்

கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி ஆடும் இணையக் கடையான ஸ்டீமில் கேம் பகிர்வது 2013-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பழைய முறையில் லைப்ரரி, அதாவது ஒருவர் வாங்கிய கேம்கள், முழுவதற்கும் ஒரே பூட்டு. வாங்கியவர் எந்த கேமைத் திறந்தாலும், அவர் லைப்ரரியிலிருந்து வேறு ஏதோ ஒன்றை ஆடிக்கொண்டிருப்பவர் சில நிமிடத்தில் வெளியேற வேண்டும். 2024 மார்ச்சில் சோதனைக்கு வந்து, செப்டம்பரில் எல்லோருக்கும் கிடைத்த ஸ்டீம் ஃபேமிலிஸ் இதை மாற்றியது. இப்போது பூட்டு ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி. தம்பி என் ஹேடிஸை ஆடும்போதே நான் ஹாலோ நைட்டை ஆடலாம். ஆறு பேர் வரை சேரலாம். சேவ் (ஆட்டத்தில் எட்டிய இடம்), அச்சீவ்மென்ட் (சாதனைப் பட்டியல்) எல்லாம் அவரவர் கணக்கில் தனியாகவே இருக்கும்.

வந்த நாளிலிருந்து வீட்டில் நான், மனைவி, தம்பி, மகள் நான்கு பேரும் இதில்தான் இருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்தது, லைப்ரரி இரண்டு பக்கமும் ஓடுவதுதான். மனைவிக்குப் பிடித்தவை நான் காசு கொடுத்து வாங்கவே மாட்டாத கேம்கள். அவர் வாங்கிய 'வெண்பா'வை நான் ஆடினேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023-இல் வந்தது. சமைத்துக்கொண்டே போகும் கேம், முதல் அத்தியாயமே இட்லி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தட்டை எப்படி மாற்றி அடுக்க வேண்டும் என்று எனக்கு முன்பே சொல்லிவிட்டார். பகிர்வு இல்லையென்றால் அந்த கேம் என் கண்ணிலேயே பட்டிருக்காது.

மகளின் கணக்கைக் குழந்தைக் கணக்காக வைத்திருக்கிறோம். எந்த கேம் அவளுக்குத் தெரியலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை நாங்களே முடிவு செய்யலாம். ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் அவள் கோரிக்கை அனுப்புவாள், போனிலேயே பார்த்துப் பணம் கட்டிவிடலாம். நேரக் கட்டுப்பாட்டை மட்டும் குழந்தையோடு பேசி முடிவு செய்த பிறகு போடுங்கள். பேசாமல் போட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

எல்லா கேமும் பகிரப்படாது. வேறொரு நிறுவனத்தின் கணக்கோ சந்தாவோ தேவைப்படுபவை சிலவற்றைப் பகிர முடியாது. கேமை உருவாக்கியவர்களும் வேண்டாம் என்று விலக்கலாம். வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தில் 'ஃபேமிலி ஷேரிங்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கேமை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆட இரண்டு பிரதி வேண்டும். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் மகளும் தம்பியும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஒரே பண்ணையில் உழைக்க விரும்பியதால் தள்ளுபடியில் இன்னொன்று வாங்கினோம்.

இனி நண்பர்கள் விஷயம். "ஆறு இடம் இருக்கே, என்னையும் சேர்த்துக்கோ" என்று கேட்பார்கள். சேர்க்காதீர்கள். இது ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கான ஏற்பாடு என்று ஸ்டீமே சொல்கிறது. அது போக, இரண்டு காரணங்கள். உங்கள் பிரதியில் ஆடும்போது ஒருவர் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தித் தடை செய்யப்பட்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். அடுத்தது ஓராண்டுக் காத்திருப்பு: பெரியவர் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும்வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுப்போன இடமும் அதேபோல, அவர் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும்வரை பூட்டிக் கிடக்கும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனை எங்களால் சேர்க்க முடியாது. அவரோடு ஆட ஸ்டீமின் ரிமோட் ப்ளே டுகெதர் இருக்கிறது. 2019-இல் வந்த வசதி. ஒரே திரையில் இருவர் ஆடும் கேம்களை இணையம் வழியாகத் தூரத்தில் இருப்பவரோடு ஆடலாம். ஒருவர் வாங்கியிருந்தால் போதும். நண்பர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். கேம் ஓடுவது நம் கம்ப்யூட்டரில், அண்ணனுக்குப் போவது படமும் ஒலியும்தான். ஆகவே நம் இணைப்பின் அப்லோட் வேகம் நன்றாக இருக்க வேண்டும். வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் செருகினால் தடங்கல் கண்கூடாகக் குறையும்.