மொறிஸ் மைனரின் காபரேற்றர் கலவை: காதா, வக்யூம் கேஜா, ஒட்சிசன் சென்சரா?

மொறிஸ் மைனர் 1000 காரின் 1098 சி.சி. எஞ்சினில் உள்ள எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேற்றருக்கு (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கருவி) கலவை பிடிப்பதற்கு, அதற்குள் உள்ள பிஸ்டனைத் தூக்கி எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்கும் பழைய முறை, எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வக்யூம் கேஜ், புகையில் உள்ள ஒட்சிசனைக் கொண்டு கலவையைக் காட்ட புகைக்குழாயில் பொருத்தும் வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சர் ஆகிய மூன்றையும் என் காரிலேயே செய்து பார்த்த பின்னர், நான் சென்சரின் பக்கமே சாய்ந்துவிட்டேன்.

பழைய முறைக்குச் செலவே இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பின், காபரேற்றரின் பக்கவாட்டில் உள்ள சிறு முள்ளால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. உடனே விழுந்தால் குறைவு. சற்று ஏறி அடங்கினால் சரி. அடியில் உள்ள அறுகோண நட்டை மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம் இதைக் கற்றேன். “தம்பி, நட்டில கை வைக்க முதல் எங்கையாவது காத்து இழுக்குதோ எண்டு பார்” என்பார்.

அந்தக் காற்றுக் கசிவைக் காட்டிக்கொடுப்பதில் வக்யூம் கேஜ் சிறந்தது. நல்ல எஞ்சினில் அதன் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். ஆனால் கலவையைப் பொறுத்தவரை, காது சொன்னதற்கு மேல் அது எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

இரண்டின் குறையும் ஒன்றே: கார் நிற்கும்போது மட்டுமே அவை பேசுகின்றன. எஸ்.யூ.வில் இருப்பது ஒரே ஜெட் (பெற்றோல் வரும் துளை). அதற்குள் பிஸ்டனோடு ஏறி இறங்குவது மேலே தடித்துக் கீழே மெலிந்த ஒரே ஊசி. ஐட்லிங்கில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஊசியின் தடித்த பகுதி மட்டுமே ஜெட்டில் நிற்கிறது. அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்கப் பிஸ்டன் உயர்ந்து, மெல்லிய பகுதிகள் வந்து சேர்கின்றன. நட்டைத் திருப்பினால் எல்லா நிலைகளும் சேர்ந்தே நகரும் என்பதால், ஊசியின் வடிவமே பொருந்தாதபோது ஐட்லிங்கில் எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தாலும் வீதியில் கலவை தவறியே நிற்கும்.

என் காரில் நடந்தது இதுதான். முள்ளைத் தூக்கினால் எஞ்சின் மிகச் சரியாகவே பதில் சொன்னது. சென்சரும் ஐட்லிங்கில் லம்டா (கலவையின் அளவு; 1க்குக் கீழே செறிவு, மேலே மெலிவு) 0.94 என்றது. ஆனால் நால்வரை ஏற்றிக்கொண்டு, ஏ9 வீதியில் ஆனையிறவின் எதிர்க்காற்றில் 70 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தபோது அது 1.12க்கு ஏறியது, கூடவே எஞ்சினில் சன்னமான தட்டொலியும் கேட்டது. லம்டா 1 என்பது, நிறையின்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. முழுச் சுமையில் 0.87 அளவில் நிற்க வேண்டிய எஞ்சின் 1.12இல் ஓடினால் வால்வுகள் கருகுவதற்கு நெடுநாள் ஆகாது. ஸ்பார்க் பிளக்கின் நிறம் இதைக் காட்டாதா என்று கேட்கலாம்; ஈயமற்ற பெற்றோலில் அந்த நிறம் மிக மெதுவாகவே படிகிறது. வீட்டுக்கு வந்து பிஸ்டனைக் கழற்றி, ஊசியின் தண்டில் பொறித்திருந்த எழுத்துக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன்: ஈ.பி. இந்த எஞ்சினுக்கு உரிய ஊசி ஏ.என்.; ஈ.பி. என்பது மெலிந்த கலவைக்கானது. முன்னைய உரிமையாளர் சிக்கனம் கருதி மாற்றியிருக்கக்கூடும். ஏ.என். ஊசியைப் போட்டு, நட்டை மீண்டும் பிடித்தபின், அதே இடத்தில் 0.88 காட்டியது.

சென்சருக்கும் சிரமங்கள் உண்டு. புகைக்குழாயில் துளையிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். பழைய மைனர்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதால், முதலில் அதை எதிர்முனைக்கு மாற்றி, டைனமோவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். எண்ணெய் எரிக்கும் எஞ்சினில் சென்சர் விரைவில் கெட்டுவிடும். என்னுடையது 14 மாதங்களாகவே ஓடுகிறது, அதற்கு மேல் என் அனுபவம் இல்லை. துளையிட மனமில்லாதவர்கள் வால்குழாயின் முனையில் கவ்வியால் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஐட்லிங்கில் வெளிக்காற்று உள்ளே புகுவதால் அது கலவையை உண்மையைவிட மெலிந்ததாகக் காட்டும்.