வேகன் ஹேண்ட் பிரேக்: இறுக்கியதை விடுவித்த 14 வருட அனுபவம்

போன் வாங்கி ஆறு மாதம் ஆனதும் பயன்பாட்டு அனுபவம் எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போகிற சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது, யாரும் ஆசைப்பட்டு வாங்கவும் மாட்டார்கள். சரக்கு வேகனின் ஹேண்ட் பிரேக். அதிலும் இறுக்குகிற பகுதியை விட்டுவிட்டு, இறுக்கியதை விடுவிக்கிற பகுதியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் கை, தோள், முழங்கால் மூன்றையும் பதம் பார்த்தது அந்தப் பகுதிதான்.

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு சரக்கு ரயில் யார்டில் 2009இல் ஷண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். 2023இல் முழங்கால் மறுத்துவிட்டதால் விலகினேன். வீடு பாகான் டாலாமில், மோட்டாரில் பத்து நிமிடம். தென் தாய்லாந்து ரப்பரை ஏற்றிய கன்டெய்னர்கள் எல்லை ஊரான பாடாங் பெசார் வழியாகப் பினாங்குத் துறைமுகத்துக்கு ரயிலில் வரும். வந்த வண்டியைப் பிரிப்பது, வேகன்களைத் தனித்தனிப் பாதையில் நிறுத்துவது, மறுபடி கோர்த்து அனுப்புவது எங்கள் வேலை. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட வேண்டும், புறப்படும்போது எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் முப்பது நாற்பது பிரேக்காவது கையில் படும்.

காற்று பிரேக் இருக்கும்போது கையால் சுற்றுவது எதற்கு என்று என் தங்கை மகன் கேட்டான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறவன் கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் சொன்னேன். இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனபின் வேகனில் மிஞ்சுவது பிரேக் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று மட்டும். அது ரப்பர் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சில வேகனில் ஒரு நாள் தாங்கும், சிலதில் இரண்டு மணி நேரத்தில் காலி. பார்வைக்குச் சமதளமாகத் தெரியும் யார்டிலும் எங்காவது 200க்கு 1 சரிவு இருக்கும். 60 டன் வேகனை அந்தச் சரிவு சுமார் 300 கிலோ விசையில் கீழே இழுக்கிறது. உராய்வைக் குறைக்கும் ரோலர் பேரிங் வந்தபின் வேகன் ஓடத் தொடங்க அதுவே போதும். காலிக் கன்டெய்னர் வேகனைப் புயல் காற்றே தள்ளிவிடும்.

நான் பழகியது மூன்று வகை.

முதலாவது பழைய லீவர் வகை. வேகனின் பக்கவாட்டில் நீண்ட இரும்புக் கை. அதை அழுத்தி, துளையோ பல்லோ உள்ள ஒரு பட்டையில் ஊசி போட்டு நிறுத்துவார்கள். விடுவிக்க, லீவரை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தி, ஊசியின் மேல் உள்ள பாரத்தை எடுத்துவிட்டு ஊசியை உருவ வேண்டும். உருவிய கணம் லீவர் மேலே துள்ளும். கோலாலம்பூர் செந்தூல் ரயில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் முன்பல் இரண்டு அப்படிப் போனதுதான். "லீவருக்கு நேராக முகத்தை வைக்காதே" என்று நான் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லி அனுப்பினார். எனக்கு இந்த வகை அதிகம் வாய்க்கவில்லை, வாய்த்தவரை பிடிக்கவும் இல்லை.

இரண்டாவது ஸ்குரூ வகை. கைச்சக்கரத்தைச் சுற்றினால் ஒரு திருகு சுழலும், அதில் மாட்டிய நட்டு நகர்ந்து பிரேக்குக்குப் போகும் இரும்பு ராடை இழுக்கும். திருகின் மரை சாய்வு குறைவு என்பதால் பாரம் எவ்வளவு இருந்தாலும் தானாகப் பின்னோக்கிச் சுழலாது. பின்னால் சுற்றவிடாத ராட்செட் பல்சக்கரம் வேண்டாம், அதன் பல்லில் விழுந்து தடுக்கும் நாக்கு வேண்டாம், துள்ளல் கிடையாது. எத்தனை சுற்று இறுக்கினீர்களோ அத்தனை சுற்று விட வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம். மதிய வெயிலில் இருபது வேகனுக்குப் பதினைந்து பதினைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "போதும், ஓடும்" என்று சொல்லும் ஆள் எல்லா யார்டிலும் ஒருவர் இருப்பார். ஓடத்தான் செய்யும், பிரேக் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டே ஓடும். அப்புறம் கடல் காற்று. மரையில் உப்பும் துருவும் ஏறி, மூன்று மாதம் கிரீஸ் காணாத திருகை அசைக்க இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது வகைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேகனின் தலைமாட்டில் ஒரு இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் நிமிர்ந்து நிற்கும் கைச்சக்கரம். உள்ளே பல்சக்கரங்கள், ஒரு ராட்செட், அதில் விழும் நாக்கு. சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி பெட்டிக்குள் சுருளும். சங்கிலி கீழே ஒரு எல் வடிவ லீவரை இழுக்கும், அது ராடை, ராடு பிரேக் பீமை (கட்டைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பீம் கட்டையை. கையால் 50 கிலோ கொடுத்தால் சங்கிலியில் டன் கணக்கில் வரும். பெட்டியின் பக்கத்தில் தனியாக ஒரு விடுவிப்பு லீவர். இழுத்தால் மொத்தமும் ஒரே நொடியில் விட்டுவிடும்.

அந்த ஒரு நொடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். ராட்செட் பல்லின் முகம் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பாரம் ஏற ஏற நாக்கு இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் அதே காரணத்தால், நிறைய இறுக்கிய பிரேக்கில் நாக்கை வெளியே எடுக்க நிறைய விசை வேண்டும். விடுவிப்பு லீவரின் நீளமும், உள்ளே நாக்கைத் தள்ளும் கேமின் (மேடுள்ள சுழல் துண்டு) வடிவமும் அந்த விசையை ஒரு மனிதக் கைக்கு அடங்குமாறு குறைத்துக் கொடுக்க வேண்டும். நல்ல பெட்டியில் ஒரு கையால் இழுக்கலாம். மோசமான பெட்டியில் லீவரில் இரும்புக் குழாயைச் செருகி ஆள் தொங்க வேண்டியிருக்கும். குழாய் செருகுவது தடை. எல்லோரும் செருகினோம்.

நாக்கு விட்டதும், இழுபட்டிருந்த ராடும் பீமும் சங்கிலியும் பழைய நிலைக்குப் பாயும். சங்கிலியில் ஒன்றரை டன் இழுவை, மொத்த நீட்சி 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடங்கியிருக்கும் சக்தி, 10 கிலோ சம்மட்டி இரண்டு மீட்டர் மேலிருந்து விழுவதற்குச் சற்று அதிகம். பழைய வடிவமைப்பில் இந்தச் சக்தி நேராகக் கைச்சக்கரத்துக்கு வந்துவிடும். சக்கரம் ஃபேன் மாதிரிச் சுற்றும். விரல் ஆரத்துக்குள் இருந்தால் விரல் போச்சு. பிறகு வந்த வகையில் சக்கரம் சுற்றாது, விடுவிக்கும்போது பல்சக்கரக் கோர்வையிலிருந்து அது தனியாகக் கழன்று நிற்கும். சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும் சிலதில் வழி உண்டு. ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக் பார்த்திருப்பீர்கள். மேலே தூக்கிய பாரம் கையை எடுத்தாலும் விழாமல் நிற்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால் அளவாக இறங்கும். மரையும் உராய்வுத் தட்டும் சேர்ந்து செய்யும் அந்த வேலையையே இங்கேயும் பயன்படுத்த முடியும். முதல்முறை அப்படி ஒரு பெட்டியை விட்டபோது சக்கரம் அசையாமல் நின்றதைப் பார்த்து, பிரேக் விடவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி லீவரை இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்து சிரித்தார்.

அந்தக் குழப்பம் சிரிப்போடு போயிருந்தால் நல்லது. 2017இல் ஒரு இரவு, நல்ல மழை. 24 வேகன் கொண்ட வண்டி வடக்கே போக வேண்டும். நான்தான் பிரேக் எடுத்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது வேகனில் லீவரை இழுத்தேன், சத்தம் கேட்டது, பெட்டிக்குப் பக்கத்தில் சங்கிலி தளர்ந்து தொங்கியது. அடுத்த வேகனுக்குப் போய்விட்டேன். வண்டி சுங்கை பட்டாணி வரை போனபிறகுதான் யாரோ புகையைப் பார்த்திருக்கிறார்கள். சங்கிலி மேலே தளர்ந்திருந்தது, கீழே வழிகாட்டிக் கப்பியின் ஓரத்தில் ஒரு கண்ணி மடங்கிச் சிக்கி, அதற்கு அப்பால் விறைப்பாக நின்றிருக்கிறது. ராடைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய ஸ்பிரிங் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் உருளாமல் வழுக்கியே போயிருக்கிறது. அப்படி வழுக்கும்போது உரசுமிடம் கடுமையாகச் சூடேறி, அடுத்த நொடியே சக்கரத்தின் குளிர்ந்த உடம்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு அங்கே கண்ணாடி மாதிரிக் கடினமாகி, பிறகு செதில் செதிலாக உதிரும். இப்படித் தேய்ந்து ஓரிடத்தில் தட்டையான சக்கரம் ஓடும்போது வரும் டக் டக் டக் சத்தம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான்கு சக்கரம் போச்சு. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஸ்பிரிங் இல்லாத வேகனை ஓடவிட்டது யார் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் கேட்கப்படவில்லை.

அன்றிலிருந்து நான் பெட்டியைப் பார்ப்பதை விட்டேன். லீவரை இழுத்ததும் குனிந்து கட்டையைப் பார்ப்பேன், பூட்ஸால் ஒரு தட்டு தட்டுவேன். கட்டை ஆடினால் விட்டிருக்கிறது. ஆடாவிட்டால் மேலே என்ன சத்தம் கேட்டிருந்தாலும் பிரேக் இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. புதுப் பையன்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன்: "தம்பி, சக்கரம் சுத்துதான்னு பாக்காத, கட்டை ஆடுதான்னு பாரு." சில வேகன்களில் ஹேண்ட் பிரேக் ஒரு போகியை, அதாவது வேகனின் ஒரு முனையில் இருக்கும் சக்கரத் தொகுதியை, மட்டும்தான் பிடிக்கும். எந்த போகி என்று தெரியாமல் அடுத்ததைத் தட்டிவிட்டுத் திருப்தியாகப் போவதும் நடக்கும்.

வடிவமைப்பவர்கள் மீது என் பெரிய குறை இதுதான். பிரேக் போட்டிருப்பதைக் காட்ட ஆயிரம் வழி வைக்கிறார்கள். விட்டுவிட்டதைக் காட்டும் அடையாளத்தை, அது வைக்கப்பட்டிருந்தாலும், பெட்டியிலேயே வைக்கிறார்கள். பெட்டிக்கும் கட்டைக்கும் நடுவில் சங்கிலி, கப்பி, நாலைந்து பின், அத்தனை பின்னிலும் துரு. அடையாளம் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி லீவரில் இருக்க வேண்டும். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு தகடு போதும்.

இன்னொரு விஷயம், யார்டில் எல்லோருக்கும் தெரிந்தது, பயிற்சியில் யாரும் சொல்லாதது. வேகனின் காற்று பிரேக் பிடித்திருக்கும்போது ஹேண்ட் பிரேக்கைச் சுற்றினால் சங்கிலி லகுவாக வரும், ஏனென்றால் சிலிண்டர் ஏற்கெனவே ராடைத் தள்ளி வைத்திருக்கிறது. பிறகு காற்று கசிந்ததும் சிலிண்டர் கொடுத்த விசை முழுவதும் சங்கிலியில் தொங்கும். மனிதன் கையால் ஏற்ற முடியாத இறுக்கம் அது. மறுநாள் காலையில் வந்து லீவரை இழுத்தால் நகராது, நகர்ந்தால் உதைக்கும். இன்ஜினைக் கோர்த்து, காற்று ஏற்றி, ஒருமுறை காற்று பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் சங்கிலி தளர்ந்துவிடும், இரண்டு விரலால் விடுவிக்கலாம். அவசரத்தில் இதைச் செய்யாமல் தோளை உடைத்துக்கொண்டவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சாரப் பாதை 2015க்குள் வந்தபிறகு இன்னொரு கவலையும் சேர்ந்தது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. தலைமாட்டுச் சக்கரம் கம்பிக்கு ரொம்பக் கீழேதான், அதில் ஆபத்தில்லை. ஆனால் மழையில் வழுக்கும் படியில் ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் லீவரை இழுக்கும்போது உடம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தரையில் நின்றபடியே, வேகனின் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கும்படி விடுவிப்பு லீவரிலிருந்து ஒரு கம்பியை வேகனின் அகலத்துக்கும் நீட்டி, இரு முனையிலும் கைப்பிடி வைக்கலாம். அப்படி வைத்த சில வேகன்கள் எங்களுக்கு வந்தன. ஷிஃப்டுக்கு நாற்பது முறை ஏறி இறங்குவது மிச்சமானது. முழங்காலுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் எந்த டாக்டரும் செய்யவில்லை. ஒரே குறை, கம்பி வளைந்தால் லீவர் பாதிதான் நகரும், நாக்கு பாதிப் பல்லில் நிற்கும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது.

சோம்பலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனடாவில் கியூபெக் மாநிலத்தின் லாக்-மெகான்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று ஆளில்லாத எண்ணெய் வண்டி ஒன்று சரிவில் உருண்டு வந்து வெடித்து 47 பேர் இறந்தார்கள். 72 டேங்க் வேகன்கள் கொண்ட அந்த வண்டியில் போடப்பட்டிருந்த ஹேண்ட் பிரேக் 7. குறைந்தது 17 வேண்டியிருந்திருக்கும் என்றது விசாரணை. பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்தபோது இன்ஜினின் காற்று பிரேக்கையும் விடாமல் வைத்திருந்ததால் சோதனையே பொய்யாகிவிட்டது. அங்கே ஏன் 7 என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் யார்டில் 8 போட வேண்டிய இடத்தில் 4 போட்ட நாட்கள் இருந்தன, அதற்குக் காரணம் தெரியும். போட்டது நாம்தானே காலையில் எடுக்க வேண்டும்! தரையில் நின்று இழுக்கும் வேகன்கள் வந்தபிறகு அந்தக் கணக்குப் போடுவது தானாகக் குறைந்தது.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கிரீஸ் வையுங்கள். அதோடு, பெட்டியின் அடிப்பக்கத் துளையைப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்கான துளை அது. நம் ஊர்க் குளவிகளுக்கு மண்கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு வாரம் நின்ற வேகனில் நாக்கு பல்லில் விழவில்லை என்று திறந்து பார்த்தால் உள்ளே கூடு. பிரேக் போட்டதாக நினைத்து நடந்து போய்விடுவீர்கள்.

எது வேண்டும் என்று கேட்டால், பக்கப் பாதையில் வாரக்கணக்கில் நிற்கும் வேகனுக்கு ஸ்குரூ. தினமும் ஓடும் கன்டெய்னர் வேகனுக்குச் சக்கரம் சுற்றாத ராட்செட் பெட்டி, இரண்டு பக்கக் கைப்பிடியோடு. தங்கை மகன் அவனுடைய கடைசி வருட புராஜெக்டுக்கு அந்த மஞ்சள் தகட்டை வரைந்துகொண்டிருக்கிறான். போன வாரம் தே தாரிக் குடித்துக்கொண்டே வரைபடத்தைக் காட்டினான். தகட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.